ரெட்ரோ கேம் கன்சோல் 'பிகினர் கிட்' வாங்கப் போகிறீர்களா? முதலில் பேட்டரி ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

கையடக்க கேம் கன்சோலை வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்ற ஆசையில் இன்ஸ்டாகிராமில் கிட் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லீவுக்குப் பிள்ளைகளுக்கு வாங்கித் தர நினைக்கும் பெற்றோர் கட்டாயம் படியுங்கள். ₹7,800 கொடுத்து நான் வாங்கிய கிட்டில் இருந்த லித்தியம் பேட்டரி, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே உப்பிவிட்டது. ஒரு முழம் தள்ளி என் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான். ஒன்பதாம் வகுப்புப் பையன். பணம் போனது போகட்டும். அந்த ஒரு முழ தூரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பையன் கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு, கோவைக்கு வந்திருந்தான். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டை வைத்து, கேம்பாய் என்ற பழைய கையடக்க கேம் கருவி மாதிரி ஒன்றைச் செய்யும் வீடியோக்களைக் காட்டி, "மாமா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து செய்யலாமா?" என்று கேட்டான். தொண்ணூறுகளில் '9999 இன் 1' பிரிக் கேமுக்கு பென்சில் செல் வாங்கக் காசு சேர்த்த தலைமுறை நான். எனக்கு ஓரளவு சால்டரிங் (ஈயம் உருக்கிப் பற்றவைப்பது) வரும். உடனே சரி என்றேன்.

விளம்பரத்தில் எல்லாமே இருந்தது. ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ போர்டு, 2.8 இன்ச் ஸ்கிரீன், 2000 எம்ஏஎச் பேட்டரி, 3டி பிரிண்ட் செய்த கேஸ், பட்டன்கள், 10,000 கேம் ஏற்றிய 64 ஜிபி கார்டு. ஒருமுறை சார்ஜ் போட்டால் நாலு மணி நேரம் ஆடலாம் என்றும் போட்டிருந்தது. விற்றவர் நன்றாகத்தான் பேசினார். "தம்பியே ரெண்டு மணி நேரத்துல ஜாயின்ட் பண்ணிடுவாப்ல சார்" என்றார். பாகங்களின் பட்டியலை மாடல் எண்ணோடு அனுப்பச் சொன்னேன். "எல்லாமே ஸ்டாண்டர்டு பார்ட்ஸ்தான் சார், நம்பி வாங்குங்க" என்று பதில் வந்தது.

நான் அங்கேயே நின்றிருக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்கள் எதையும் ஒளித்து வைப்பதில்லை. அடாஃப்ரூட் என்ற மின்னணு பாக நிறுவனம் வெளியிட்ட பைகர்ல் ஜீரோ என்ற கையடக்க கன்சோலை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த போர்டு, எந்த ஸ்கிரீன், எந்தப் பின்னிலிருந்து எந்தப் பின்னுக்கு ஒயர், கேஸுக்கான 3டி கோப்பு என்று எல்லாவற்றையும் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். ஆர்டுபாய் என்ற குட்டி கன்சோலுக்கும் சர்க்யூட் படமே வெளியில் கிடைக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் பாகத்தின் பெயரைச் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்கவே கூடாது.

பார்சலைப் பிரித்ததும் முதல் ஏமாற்றம் போர்டில். ஜீரோ டபிள்யூ என்ற பழைய போர்டு 2017-இல் வந்தது, ஒரே கோர் (செயலியின் கணக்குப் போடும் பகுதி) உள்ளது. ஜீரோ 2 டபிள்யூ 2021-இல் வந்தது, நான்கு கோர். இரண்டும் ஒரே அளவு, 65 மில்லிமீட்டருக்கு 30 மில்லிமீட்டர். கேஸுக்குள் போட்டு மூடிவிட்டால் எது எதுவென்று தெரியாது. திறந்து பார்த்தால் தெரியும். புதியதில் வைஃபை பகுதியின் மேல் பளபளப்பான உலோக மூடி இருக்கும். எங்களுக்கு வந்ததில் அந்த மூடி இல்லை. ஒயர் இணைக்கும் பின் துளைகளில் யாரோ ஏற்கெனவே சால்டர் வைத்து உறிஞ்சி எடுத்த தடமும் இருந்தது. அதாவது, பழைய போர்டு, அதுவும் பயன்படுத்திய போர்டு. கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான் சார், கேம்பாய் கேமுக்கு இது போதும்" என்றார். கேம்பாய்க்குப் போதும்தான். பிளேஸ்டேஷன் கேம்களும் ஓடும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தாரே, அவை திக்கித் திணறின.

பையன் முகம் வாடக் கூடாதென்று நான் சண்டை போடவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து சேர்த்தோம். திரையில் முதன்முதலாக மெனு வந்தபோது அவன் கத்திய கத்தலில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அந்த நிமிஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

நாலு மணி நேரம் என்று சொன்ன சார்ஜ் ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்து, தானே மறுபடி கிளம்பும். விற்றவர், "சாஃப்ட்வேர் பிரச்சினை, கார்டை திரும்ப ஃபிளாஷ் பண்ணுங்க" என்றார். கார்டை அழித்து மென்பொருளைத் திரும்ப ஏற்றுவதுதான் ஃபிளாஷ். மூன்று முறை செய்தோம். புதிதாக வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய ராஸ்பெர்ரி பை போர்டுகளில் மின்னழுத்தம் குறைந்தால் திரையின் ஓரத்தில் மின்னல் குறி வரும். ஜீரோ வகைகளில் அதைக் கண்டுபிடிக்கும் சர்க்யூட்டே கிடையாது. குறி வரவில்லை என்பதால் கரண்ட் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது, 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கேம் ஆடும்போது நாலரை வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. கார்டில் ஒரு கோளாறும் இல்லை. பேட்டரிக்குத்தான் தெம்பில்லை.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, மாலையில் சார்ஜ் போட்டுவிட்டு நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். "மாமா, கேஸ் பின்பக்கம் மூட மாட்டேங்குது. பேட்டரி பூரி மாதிரி இருக்கு" என்றான். ஓடிப்போய் சார்ஜர் ஒயரைப் பிடுங்கினேன். வெள்ளிப் பை போன்ற அந்த பேட்டரி நடுவில் புடைத்து, ஒரு ஓரத்தில் கேஸைத் தள்ளிக்கொண்டு நின்றது. கை வைக்க முடியாத சூடு. மூக்கில் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு இனிப்பு வாடை. அந்த வாடை வந்தால் உள்ளிருக்கும் திரவம் கசிகிறது என்று அர்த்தம். இடுக்கியால் பிடித்து மாடிக்குக் கொண்டுபோய், மணல் நிரப்பிய பூந்தொட்டியில் வைத்தேன். தீப்பிடிக்கவில்லை. அன்றைக்கு எங்களுக்கு நல்ல நேரம்.

சூடு ஆறிய பிறகு, எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்த பையன்தான் அதைக் கண்டுபிடித்தான். '2000 எம்ஏஎச்' என்ற மஞ்சள் ஸ்டிக்கர் சூட்டில் ஓரம் சுருண்டிருந்தது. அதன் அடியில் பேட்டரியின் மேலேயே அச்சடித்த எண் தெரிந்தது: 503035.

இந்த எண்ணை வாசிக்கத் தெரிந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன். தட்டையான லித்தியம் பேட்டரிகளில் அந்த ஆறு இலக்கம்தான் அளவு. 5.0 மில்லிமீட்டர் கனம், 30 அகலம், 35 நீளம். அந்த அளவுக்குள் ஏறத்தாழ 500 எம்ஏஎச்தான் அடங்கும். 2000-க்குப் பக்கத்தில் வேண்டுமென்றால் 103450 போல இரண்டு மடங்கு கனத்தில் ஒன்று வேண்டும். கால்வாசி பேட்டரிக்கு முழு ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார். உருளை வடிவ 18650 பேட்டரியிலும் இதே பித்தலாட்டம் உண்டு. நல்ல கம்பெனி செல்லே 3500 எம்ஏஎச் அளவில்தான் நிற்கும். 9900 என்று அச்சடித்து வருவது பொய். கையில் தூக்கினாலே தெரியும். நல்ல 18650 ஏறத்தாழ 45 கிராம் இருக்கும், போலி பெரும்பாலும் காற்றாக இருக்கும்.

பேட்டரி சின்னதாக இருந்தால் சார்ஜ் சீக்கிரம் தீரும், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். கிட்டில் இருந்த சார்ஜர் டிபி4056 சிப் உள்ள சின்ன நீல போர்டு. அதில் '122' என்று பொடி எழுத்தில் ஒரு ரெசிஸ்டர், அதாவது சார்ஜ் கரண்டின் அளவைத் தீர்மானிக்கும் பாகம், இருக்கும். 1.2 கிலோ ஓம். அது இருந்தால் சார்ஜர் 1 ஆம்பியர் வரை தள்ளும். 2000 எம்ஏஎச் பேட்டரி அதைத் தாங்கும். 500-க்கு அது இரண்டு மடங்கு திணிப்பு. அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 4.7 கிலோ ஓம் வைத்திருந்தால் 250 மில்லி ஆம்பியர்தான் போயிருக்கும். வைப்பவருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.

இன்னொன்றும் செய்திருந்தார். அதே நீல போர்டு இரண்டு வகையில் வருகிறது. பாதுகாப்பு சிப் உள்ளதில் பேட்டரிக்கு இரண்டு, வெளியே போகும் கரண்டுக்கு இரண்டு என்று ஒரு பக்கம் நான்கு சால்டர் இடங்கள் இருக்கும். எங்களுடையதில் பேட்டரிக்கான இரண்டு மட்டும்தான். பாதுகாப்பு சிப் இல்லாத மலிவு வகை. பேட்டரி மிகவும் இறங்கினால் வெட்டிவிட யாரும் இல்லை. அதோடு இணைத்திருந்த எம்டி3608 பூஸ்டர் (பேட்டரியின் வோல்ட்டை 5 வோல்ட்டுக்கு ஏற்றும் போர்டு), பேட்டரி 2 வோல்ட்டுக்கு இறங்கும் வரைக்கும் உறிஞ்சும். லித்தியம் பேட்டரியை 3 வோல்ட்டுக்குக் கீழே விடவே கூடாது. ஒவ்வொரு நாளும் பையன் கன்சோல் அணையும்வரை ஆடியிருக்கிறான், பேட்டரி உள்ளுக்குள் கெட்டிருக்கிறது. அப்படிக் கெட்டதன் மேல் இரண்டு மடங்கு கரண்ட்டை ஏற்றினால் உப்பாமல் என்ன செய்யும்?

படம் எடுத்து அனுப்பினேன். முதலில் "நீங்க ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டிருப்பீங்க" என்றார். 503035 எண்ணைக் காட்டியதும் குரல் மாறியது. "சரி சார், வேற அனுப்பறேன்." நாலு நாளில் வேறு பேட்டரி வந்தது. அதே வெள்ளை பிளக், கச்சிதமாகப் பொருந்தியது. செருகினேன். டப்பென்று சத்தம், சார்ஜர் போர்டிலிருந்து ஒரு கோடு புகை. இந்த முறை சிவப்பும் கறுப்பும் பிளக்கில் இடம் மாறியிருந்தன. இந்த 2 மில்லிமீட்டர் ஜேஎஸ்டி பிளக்கில் எந்தப் பக்கம் பிளஸ் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி கிடையாது. ஒரு தயாரிப்பாளர் ஒரு மாதிரி, இன்னொருவர் இன்னொரு மாதிரி. பிளக் பொருந்துகிறது என்பதற்காகச் செருகாதீர்கள். ஒவ்வொரு பேட்டரியையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். விற்கிறவர் அதைப் பார்த்து அனுப்பியிருக்க வேண்டும், குறைந்தபட்சம் எச்சரித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

மெமரி கார்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் போட்டுக் கார்டை நிரப்பித் திரும்பப் படிக்க வைத்தபோது, 64 ஜிபி என்ற கார்டில் 16 ஜிபிக்கு மேல் எழுதியது எதுவும் திரும்ப வரவில்லை. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எஃப்3 கொண்டு பார்க்கலாம். அந்த 10,000 கேம்களும் உரிமை இல்லாமல் நகல் எடுத்தவை. இந்த கேம்களை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருள் இலவசம். அதில் வரும் எஸ்நெஸ்9எக்ஸ் போன்ற, பழைய கன்சோலைப் போல நடிக்கும் எமுலேட்டர்களின் உரிமத்திலேயே வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. யாரோ வருஷக்கணக்கில் உழைத்துச் சும்மா கொடுத்ததை இவர் காசுக்கு விற்கிறார். பையனுக்கு அதைத்தான் முதலில் விளக்கினேன். இன்றைக்கும் கேம்பாய்க்குப் புதிதாக கேம் எழுதி இலவசமாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவற்றைத் தேடி எடுத்து ஆடலாம்.

ஸ்கிரீனுக்கு '60 பிரேம்', அதாவது நொடிக்கு 60 படம், என்று போட்டிருந்ததையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 320-க்கு 240 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் 16 பிட். ஒரு படத்துக்கு 12 லட்சத்து 28 ஆயிரத்து 800 பிட். அவர் கொடுத்த செட்டிங்கில் ஒயரில் போவது நொடிக்கு 32 மெகா பிட். வகுத்தால் நொடிக்கு 26 படம். மாறிய புள்ளிகளை மட்டும் அனுப்பும் டிரைவர் போட்டால் இதைவிட நன்றாக ஓடும். ஆனால் அவர் அதைப் போட்டுக் கொடுக்கவில்லை.

பணத்தைத் திரும்ப வாங்க அலைந்தேன். யுபிஐயில் தனிநபர் எண்ணுக்கு நானே அனுப்பிய பணம் என்பதால் பேங்கில் கைவிரித்துவிட்டார்கள். பில் கேட்டு வாங்காதது என் பக்கத்துக் குறை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். உரையாடல், பார்சல் லேபிள், பேட்டரி படம் எல்லாம் கொடுத்திருக்கிறேன். ₹5 லட்சம் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது. அடுத்து அங்கே போகிறேன். பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் ஏமாற்றியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

பையன் விட்டுவிடவில்லை. இப்போது பேட்டரியே இல்லாமல் தொடங்கியிருக்கிறோம். தனியாக வாங்கிய போர்டு, தனியாக வாங்கிய ஐஎல்ஐ9341 ஸ்கிரீன், கரண்டுக்கு வீட்டில் இருந்த நல்ல பவர் பேங்க். ஒயர் தொங்குகிறது, பார்க்க அழகில்லை. ஆனால் அவன் தனியாக உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பயமில்லை. புதிதாகத் தொடங்கும் யாருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். முதல் மாதம் பட்டன், ஸ்கிரீன், சத்தம் எல்லாம் சரியாக வரட்டும். பேட்டரி கடைசியில் வரட்டும், அதுவும் பாதுகாப்பு சிப் உள்ள சார்ஜரோடு.

ஏற்கெனவே இப்படி ஒரு கிட் வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கேஸைத் திறந்து பாருங்கள். பேட்டரியின் மேல் கூடுதலாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கத்தி வைக்காமல் நகத்தால் மெதுவாக உரியுங்கள். அடியில் உள்ள ஆறு இலக்க எண்ணையும், சார்ஜர் போர்டில் ஒரு பக்கம் சால்டர் இடங்கள் இரண்டா நான்கா என்பதையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் உப்பியிருந்தாலும் மறுபடி சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். எங்களுடையது ஒரு வாரம் மாடித் தொட்டி மணலில் கிடந்தது. பிறகு மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தேன். அந்த மஞ்சள் ஸ்டிக்கரை மட்டும் புகாரோடு சேர்க்க எடுத்து வைத்திருக்கிறேன்.