தணலில் சுடும் ஹலூமி: பல கோடைகளின் அனுபவம்

வீட்டில் அனைவரும் சைவம் என்பதால், லண்டனில் கோடை பிறந்தால் எங்கள் பார்பிக்யூ அடுப்பில் முதலில் ஏறுவது சீஸ்தான். வெவ்வேறு வகைகளை வாங்கிப் பல கோடைகளாகச் சுட்டுவரும் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது: முக்கால் பங்கு வேலை கடையிலும் வெட்டுப்பலகையிலும் முடிந்துவிடுகிறது, அடுப்புக்கு மிஞ்சுவது சில நிமிடங்களே.

கம்பித்தட்டின் மீது நேரடியாக வைத்துச் சுட, நான் அறிந்தவரை சைப்ரஸ் தீவின் ஹலூமி சீஸுக்கு நிகரானது இல்லை. செடார், மொசரெல்லா போன்றவற்றில் பால் புளிப்பேறும்போது, புரதத்தை இறுகப் பிணைத்திருக்கும் கால்சியத்தின் ஒரு பகுதி கரைந்து வெளியேறிவிடுவதால், சூடுபட்டதும் அவை இளகி ஓடிக் கம்பிகளின் இடைவெளியில் வழிந்து தணலில் விழுகின்றன. ஹலூமியிலோ புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. பாலை உறையவைக்கும் நொதியான ரென்னெட் இட்டு உறையச் செய்த கட்டிகளை, அவற்றிலிருந்து பிரிந்த நீரிலேயே 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் அரைமணி நேரமாவது வேகவைத்து, பிறகு உப்பும் உலர்ந்த புதினாவும் தூவி இரண்டாக மடித்து உப்புநீரில் இடுகிறார்கள். கால்சியம் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுவதாலும், ஏற்கெனவே ஒருமுறை வெந்து இறுகியிருப்பதாலும், தணலின் மேல் அது வடிவம் குலையாமல் நின்று பொன்னிறமாகச் சிவக்கிறது.

வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது பொதியின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள பால் வகைகளின் வரிசையைத்தான். எடை மிகுந்தது முதலில் வரும் என்பதால், பசும்பாலா ஆட்டுப்பாலா எது மேலோங்கியிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். 2021-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம், நம் புவிசார் குறியீட்டை ஒத்த பாதுகாப்பை ஹலூமிக்கும், அதன் துருக்கியப் பெயரான ஹெல்லிமுக்கும் சேர்த்தே வழங்கியது. செம்மறி, வெள்ளாட்டுப் பாலின் பங்கு பசும்பாலைவிட மிகுந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்த அளவை எட்ட உற்பத்தியாளர்களுக்கு அவகாசமும் தரப்பட்டது. பசும்பால் மிகுந்த மலிவான பொதிகள் சுட்டபின் ரப்பர்போல் இழுபட்டு, உப்பைத் தவிர வேறு சுவையின்றி இருப்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஆட்டுப்பால் மிகுந்தவற்றில் மெல்லிய காரமும் புல்வாசமும் உண்டு; கடித்தால் இழுபடாமல் உடைகின்றன. விலை கூடுதல்தான், ஆனால் அந்தக் கூடுதல் விலைக்கு அவை முற்றிலும் தகுதியானவை. கொழுப்புக் குறைக்கப்பட்ட வகையைச் சுடுவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மிக விரைவில் விறைத்துவிடுகிறது. சைவம் கடைப்பிடிப்பவர்கள் ரென்னெட்டின் மூலத்தையும் கவனிக்க வேண்டும், ஏனெனில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததைப் பயன்படுத்துவோரும் உண்டு. வட லண்டனின் கிரீன் லேன்ஸ் சாலையிலுள்ள சைப்ரஸ், துருக்கியக் கடைகளில் வகைகள் நிறைய இருப்பதால், நான் பெரும்பாலும் அங்கேதான் வாங்குகிறேன்.

இனி வெட்டுவது. ஹலூமிக் கட்டியின் பக்கவாட்டைக் கூர்ந்து பார்த்தால், நடுவே ஒரு கோடு ஓடுவது தெரியும்; அது மடித்த இடம். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே வழக்கம்போல் வில்லைகளாக அரிந்தால், ஒவ்வொரு வில்லையும் சூட்டில் அந்த இடத்தில் விரிந்து இரண்டாகப் பிளக்கிறது. கம்பியில் கோத்தால் இன்னும் மோசம். ஆகவே கத்தியின் நுனியை மடிப்பிலேயே செலுத்தி, கட்டியை இரண்டு பலகைகளாகப் பிரித்துவிடுகிறேன். ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் கனமுள்ள அந்தப் பலகைகள் உடையாமல் திரும்பும். வெளிப்புறம் மொறுமொறுப்பாகும்போது உட்புறம் மென்மையாகவே இருக்கும். உப்பு மிகுதி என்று தோன்றினால் தண்ணீரில் சற்று நேரம் ஊறவைக்கலாம், ஆனால் அதன்பின் துடைப்பதில் சலிப்படையக் கூடாது. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அனல் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகும். சிவப்பதற்கு முன்பே சீஸ் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணியில் அழுத்தித் துடைத்து, பிறகு தட்டில் திறந்தபடி சிறிது நேரம் உலரவிடுவது நல்லது.

எண்ணெயைக் கம்பியில் ஊற்றாமல் சீஸின் மீதே மெலிதாகத் தடவுகிறேன். சொட்டுவது குறைவதால் தீ குபீரென எழுவதில்லை. கரி முழுவதும் சாம்பல் பூத்து, உள்ளங்கையைத் தட்டுக்கு மேலே சில நொடிகளே வைத்திருக்க முடியும் என்ற நிலை வரும்வரை காத்திருக்க வேண்டும். சுத்தமாகத் தேய்த்த கம்பியில் வைத்தபின் இரண்டு மூன்று நிமிடங்களுக்குத் தொடவே கூடாது. நன்றாகச் சிவந்த பக்கம் பெரும்பாலும் தானாகவே கம்பியை விட்டுவிடும். இழுத்தால் வரவில்லையென்றால் இன்னும் ஆகவில்லை என்றே பொருள். திருப்புவதற்கு இடுக்கியைவிட, மெல்லிய விளிம்புள்ள தோசைத் திருப்பி மிகச் சிறந்தது. கேஸ் அடுப்பிலும் இதே முறை பலிக்கிறது, புகைவாசம் மட்டுமே குறையும்.

மற்ற வகைகளில் பன்னீரும் உருகாது. கொதிக்கும் பாலைப் புளிப்பிட்டுத் திரித்துச் செய்வதால் அதன் புரத அமைப்பே வேறு. ஆனால் உப்பற்ற அதற்குத் தயிர், மிளகாய்த்தூள், சிறிது கடலைமாவு கலந்த பூச்சு இன்றியமையாதது. பிரேசிலின் வடகிழக்குக் கடற்கரைகளில் குச்சியில் கோத்துச் சிறு கரியடுப்பில் சுட்டு விற்கும் கோவால்யோ, தன்மையில் ஹலூமிக்கு மிக நெருங்கியது. அர்ஜென்டினாவின் ப்ரோவொலேட்டா உருகும் இனம் என்பதால், ஆரிகனோவும் மிளகாய்த் துகளும் தூவி, சிறிய இரும்புச் சட்டியில் வைப்பதே பாதுகாப்பு. மென்மையான பிரெஞ்சுச் சீஸான கமாம்பேர்டை மரப்பெட்டியோடு வைப்பதானால், காகிதத்தை நீக்கிவிட்டு, பெட்டி பசையால் ஒட்டப்பட்டதல்ல என்பதை உறுதிசெய்துகொண்டு, தணலுக்கு நேர்மேலாக இல்லாமல் ஓரமாக வைத்து அடுப்பை மூட வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிவதே முறை. உப்பும் புளிப்பும் சேர்ந்தால் அலுமினியத் தாளை அரித்து உணவில் கலக்கும் என்பதால், தாளில் பொதிந்து சுடுவதை நான் முற்றிலும் தவிர்க்கிறேன். ஆறிய ஹலூமி இறுகிவிடும், ஆகவே விருந்தினர் தட்டுடன் வந்து நின்றபிறகே அடுப்பில் ஏற்றுகிறேன். மிஞ்சியதைச் சிறு துண்டுகளாக்கி வாணலியில் ஒரு புரட்டு புரட்டினால், மறுநாள் தக்காளியுடன் சேர்த்து உண்ணும் அளவுக்கு மறுபடியும் இளகும்.