சேப்பாக்கமா, டிவியா?

கிரிக்கெட் ஆட்டத்தைச் சேப்பாக்கம் மைதானத்துக்குப் போய்ப் பார்ப்பதா, வீட்டில் டிவியில் பார்ப்பதா? நடுவர் தீர்ப்பைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் டிவிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்பிடபிள்யூவுக்கு (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்தால் தரும் அவுட்) ரிவியூ, அதாவது மறுபரிசீலனை, போனால் மூன்றாம் நடுவர் பேசுவது காதில் விழும், பந்து மட்டையில் உரசியதா என்று ஒலியை வைத்துக் காட்டும் அல்ட்ரா எட்ஜில் அலை எழுகிறதா என்று தெரியும், பந்தில் பாதிகூட ஸ்டம்பில் படவில்லை, அதனால்தான் அம்பயர்ஸ் கால் (களத்து நடுவர் சொன்னதே நிற்கும்) என்பதும் உடனே விளங்கும். சேப்பாக்கம் கேலரியில் பெரிய திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் "என்னாச்சு சார்?" என்று கேட்க வேண்டியதுதான்.

ஆனால் பயிற்சியாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்க மைதானம்தான் சரி. கேமரா திரும்பாத நேரத்திலும், அணியினர் உட்காரும் டக்அவுட் நம் கண் முன்னால் இருக்கிறது. 2022 ஐபிஎல்லில் மும்பை வான்கடே மைதானத்தில் நோபால் (விதிமீறிய பந்து) கேட்டு டெல்லி அணியின் உதவிப் பயிற்சியாளர் பிரவீன் ஆம்ரே ஆடுகளத்துக்குள்ளேயே போனார். முழு ஆட்ட ஊதியமும் அபராதம், ஒரு ஆட்டத் தடை. சரியான தண்டனை. 2019இல் ஜெய்ப்பூரில் தோனியும் இதையேதான் செய்தார், அவருக்குப் பாதி ஊதியம் மட்டும்தான் போனது. தோனி என்றால் எனக்கு உயிர், இருந்தாலும் அது போதாது. 2023 முதல் ஐபிஎல்லில் வைடு, நோபாலுக்கும் ரிவியூ கேட்கலாம், இனி உள்ளே நடந்து போக யாருக்கும் காரணமே கிடையாது.

அப்புறம் கூட்டம். 1999 டெஸ்டில் இந்தியாவை 12 ரன்னில் ஜெயித்த பாகிஸ்தானுக்குச் சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியதே, அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருப்பதை எந்த டிவியும் தராது. டெஸ்ட் என்றால் நான் டிக்கெட் எடுத்துவிடுவேன், ஐபிஎல்லுக்கு வீடே போதும்.