லைக்ரா ஊஞ்சல்: துணிக்கு அஞ்சு ஸ்டார், கூட வர்ற ஹூக்குக்கு ஒண்ணு

எங்க பையனுக்கு ஆறு வயசு. சோபாலருந்து குதிக்கிறது, வேணும்னே போய் செவுத்துல மோதுறது, தட்டாமாலை சுத்துனா தலையே சுத்தாம இன்னும் இன்னும்னு நிக்குறதுன்னு நாள் பூரா உடம்புக்கு ஏதாச்சும் ஒரு அசைவு வேணும் அவனுக்கு. ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளுக்குப் பழக்குற சிகிச்சை) சென்டர்ல, இழுபடுற லைக்ரா துணில செஞ்ச இந்த மாதிரி ஊஞ்சல்ல உக்காந்தா கொஞ்சம் அடங்குறான்னு பாத்துதான் ஆன்லைன்ல ரெண்டாயிரத்துக்குள்ள ஒண்ணு வாங்குனோம்.

துணி சூப்பர். உள்ள சுருண்டு படுத்தா உடம்பு பூரா இறுக்கிப் பிடிக்குது. பொடவைல தூளி கட்டுனா பத்தாதான்னு மாமியார் கேட்டாங்க, நியாயமான கேள்விதான், ஆனா காட்டன் பொடவை இழுபடாது, இது அவன் காலால உதைக்க உதைக்க திருப்பி இழுக்குது, தசைக்கும் மூட்டுக்கும் அந்த அழுத்தம் கெடைக்குறதுதான் இதுல விஷயமே.

ஹூக் செட்டு மோசம். பிளாஸ்டிக் பிளக்கு, சின்ன ஸ்க்ரூ, இத நம்பி புள்ளைய தொங்க விடுறதா? எங்க வீட்ல ஸ்லாப் போடும்போதே கம்பியோட சேத்து விட்ட தொட்டில் கொக்கி இருந்துச்சு, அதுல மாட்டிட்டோம். அது இல்லாதவங்க ஆள் வெச்சு கான்கிரீட்ல ஆங்கர் போல்ட் அடிச்சுக்கோங்க, ஃபால்ஸ் சீலிங்ல வேணவே வேணாம். கீழ மெத்தை போடுங்க, பக்கத்துல ஆள் இருக்கணும்.

இன்னொண்ணு, கூடவே சுழல்ற ஸ்விவல் ஒண்ணு தர்றாங்க, விளம்பர வீடியோலயும் புள்ளைய வெச்சு கிறுகிறுன்னு சுத்துறாங்க. எங்க தெரபிஸ்ட் அத கழட்டிடச் சொன்னாங்க. முன்னயும் பின்னயும் ஒரே சீரா மெதுவா ஆட்டுனா பொதுவா அமைதியாகும், சுத்துறது உசுப்பி விடும், காதுக்குள்ள இருக்குற பேலன்ஸ் உறுப்புக்கு அது ரொம்ப ஸ்ட்ராங், சில புள்ளைங்களுக்கு அப்ப ஒண்ணும் தெரியாம லேட்டா வாந்தி, எரிச்சல்னு வருமாம். முகம் வெளுத்தாலோ வேர்த்தாலோ உடனே நிறுத்திடணும். எங்களுக்கு ஒத்து வர்றது, மொதல்ல தண்ணி பக்கெட்ட நகத்துறது, சப்பாத்தி மாவு பிசையறதுன்னு கொஞ்சம் கனமான வேலை, அப்புறம் ஊஞ்சல். வெறும் ஊஞ்சல் மட்டும்னா பாதி பலன்தான்.

பாக்கெட்ல "ஆட்டிசம் குணமாகும், கவனம் கூடும்"னு போட்டிருக்கான் பாருங்க, அதுக்கு தனியா ஒரு ஸ்டார் கொறைக்கணும். இந்த மாதிரி ஊஞ்சலுக்கெல்லாம் அடிப்படையான சென்சரி இன்டகிரேஷன் (அசைவு, அழுத்தம்னு உடம்பு உணர்றத மூளை ஒழுங்குபடுத்துறது) தியரிய உருவாக்குனது ஜீன் ஏயர்ஸ்னு ஒரு அமெரிக்க ஓ.டி. தெரபிஸ்ட், 1972லயே புக்கு போட்டவங்க, அப்படியும் 2012ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு இந்த வகை தெரபிக்கு ஆதாரம் கம்மின்னும் அத பெத்தவங்ககிட்ட சொல்லிடணும்னும்தான் சொல்லியிருக்கு. எங்க பையன் ராத்திரி தூங்கப் போறது கொஞ்சம் ஈஸியாயிருக்கு, அவ்ளோதான். அமுக்குனாலே ஓடுற புள்ளைங்களும் இருக்காங்க, அவங்களுக்கு ஓ.டி.ய கேக்காம வாங்காதீங்க.

கலர் எடுக்குறப்ப டார்க் ப்ளூ எடுங்க, லைட் கலர்ல ட்யூப் லைட் வெளிச்சம் அப்படியே உள்ள வந்துடும்.