வெள்ளவத்தைப் பக்கம் சாப்பிடப் போகிறவர்கள் கார்டைக் கொடுக்க முன்னம் இதை வாசியுங்கள்

2,970 ரூபாய். நான் கொடுக்காத டிப்ஸுக்கு என் கார்டிலிருந்து எடுத்த காசு. இடம் கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒரு குடும்ப உணவகம், பெயர் சொல்லவில்லை.

நேற்று இரவு அம்மா, தங்கச்சி குடும்பம் என்று எல்லாருமாகப் போயிருந்தோம். பில் 19,800. அதிலேயே 10 வீத சேவைக் கட்டணம் 1,800 ரூபாய் போட்டிருந்தார்கள், அது வழமைதானே. பில் கொண்டுவந்த தம்பி அவ்வளவு மரியாதை. "அக்கா, ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கக் காசு சேர்க்கிறம், 20,000 ஆக்கிப் போடட்டே?" என்றான். பிள்ளைகளுக்குத்தானே என்று ஓம் சொன்னேன். அம்மாவும் நல்ல விஷயம் என்றார். கார்டைக் கவுண்டருக்குக் கொண்டுபோனவன் திரும்பி வந்து, மெஷினில் ரோல் முடிஞ்சுது, எஸ்எம்எஸ் வரும் அக்கா என்று சிரித்த முகத்தோடு தந்தான். ஓட்டோ பம்பலப்பிட்டியைத் தாண்டும்போதுதான் எஸ்எம்எஸ் வந்தது: 22,970.

உடனே கடைக்குக் கோல் எடுத்தேன், மெனேஜர் வெளியே போயிருக்கிறாராம். காலையில் எடுத்தால், "நன்கொடைக்கு ஓம் சொன்னீங்கள்தானே மெடம், சிஸ்டம் 15 வீத டிப்ஸையும் சேர்த்துவிடும்" என்கிறார். கொப்பிக்கு ஓம் சொன்னால் டிப்ஸுக்கும் ஓம் என்று எந்த ஊரில் இருக்கிறது? எந்தப் பாடசாலை, ரசீது எங்கே என்று கேட்டதற்குப் பதிலே இல்லை, ஹெட் ஒஃபிசுக்கு ஈமெயில் போடுங்கள் என்று வைத்துவிட்டார். போட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி வந்தது. கருத்தா சொன்னேன், காசைக் கேட்டேன்! வங்கியில் படிவம் நிரப்பச் சொல்கிறார்கள், கடையை விசாரிக்க நாள் எடுக்குமாம்.

டிப்ஸ் கொடுக்க எனக்கு மனமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். இரவு கடை பூட்டும் வரை நின்ற காலில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு எப்போதும் கையில்தான் கொடுப்பேன். பின்னேரம் நேரில் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வெளியே வரும்போது, வாசலில் நின்ற இன்னொரு தம்பி மெதுவாகச் சொன்னான், கார்டில் எடுக்கிற டிப்ஸ் எங்களுக்கு வாறதே இல்லை அக்கா என்று. அப்போ என்னுடைய 2,970 யாருடைய பொக்கெட்டில் இருக்கிறது? உழைக்கிற பிள்ளைகளின் பெயராலும் படிக்கிற பிள்ளைகளின் பெயராலும் வாங்கி முதலாளி வைத்துக்கொள்வது பச்சைக் களவு. 2024 ஜனவரியில் வற் (VAT) வரி 18 வீதமாக ஏறியதிலிருந்து பில்லில் எது வரி, எது சேவைக் கட்டணம் என்று பாதிப் பேருக்கு விளங்குவதில்லை, அதுவும் இவர்களுக்கு நல்ல வசதி.

என்னென்ன செய்யலாம் என்று விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடியும். கார்டைக் கண்மறைவுக்கு விடாதீர்கள், மெஷினை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சேவைக் கட்டணம் போட்டிருக்கிறதா பாருங்கள், டிப்ஸ் என்றால் காசாகக் கையில் கொடுங்கள். கவுண்டரில் நன்கொடை கேட்டால் ரசீது கேளுங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று விடுங்கள். முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி இலக்கம் 1977. நாளைக் காலை நானும் அங்கேதான் எடுக்கிறேன்.