ஏழு கிலோ வழக்கு: சில்லுப் பெட்டியா, தோள்பையா, வெறுங்கையா?

கிளிநொச்சிப் பக்கத்தில் யாராவது விமானம் ஏறப் போகிறார்கள் என்றால் அந்த வீட்டில் இரண்டு தராசுகள் வேலை செய்யும். ஒன்று நெல் நிறுக்கும் மேடைத் தராசு. பெரிய சூட்கேஸ்கள் அதில் ஏறும். மற்றது அம்மாவின் கை. விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் பையைத் தூக்கிப் பார்த்து, "இது ஏழு கிலோ வராது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். மேடைத் தராசு அரைக் கிலோ முன்பின் காட்டும். அம்மாவின் கை இரண்டு கிலோ. விமான நிலையத்தில் நிற்பவரின் கண் இவை இரண்டையும் விடப் பிசகும், ஆனால் அபராதம் கேட்கும் உரிமை அந்தக் கண்ணுக்குத்தான் உண்டு.

அப்பாவின் கண் சிகிச்சைக்காகச் சென்னைக்கும், அக்காவைப் பார்க்க லண்டனுக்கும் போய்வந்ததில் மூன்று முறைகளையும் சோதித்துவிட்டேன்: உருட்டிப் போகச் சில்லு வைத்த சிறிய சூட்கேஸ், துணித் தோள்பை, எல்லாவற்றையும் பெரிய பொதியில் போட்டுவிட்டு ஏறக்குறைய வெறுங்கையோடு போவது.

முதலில் விதி. சிறிலங்கன், எமிரேட்ஸ், கட்டார், இண்டிகோ எல்லாவற்றிலும் சாதாரண வகுப்புக் கைப்பொதிக்கு ஏழு கிலோதான். லுஃப்தான்சா எட்டு தருகிறது. பிரிட்டிஷ் எயார்வேஸ் 23 கிலோ வரை விடுகிறது. தலைக்கு மேலே தூக்கி வைக்க உங்களால் முடிந்தால் சரி. அளவிலும் ஒற்றுமை இல்லை. எமிரேட்ஸ் 55 சென்டிமீற்றர் உயரத்தை ஏற்கும், கட்டார் 50 என்கிறது. துபாய் வழியாகப் போன அதே பெட்டி டோஹா வழியாகப் போகும்போது ஐந்து சென்டிமீற்றர் குற்றவாளி. 2015இல் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் எல்லோருக்கும் பொதுவாக 55க்கு 35க்கு 20 என்று ஓர் அளவை முன்வைத்தது. பைகள் சுருங்கப் போகின்றன என்று பயணிகள் கிளர்ந்ததும் சில நாட்களிலேயே அதைக் கைவிட்டது. ஒரே பயணத்தில் இரண்டு நிறுவனங்கள் மாறினால், ஏற்றிவிடும் பெரிய பொதி பெரும்பாலும் ஒரே விதியில் போய்விடும். கைப்பொதிக்கு மட்டும் ஒவ்வொரு விமானமும் தன் விதியையே பார்க்கும்.

விதியாவது எழுத்தில் இருக்கிறது. அமலாக்கம் அப்படி இல்லை. கவுண்டரில் ஒரு பார்வை, ஏறும் வாசலில் இன்னொன்று, விமானக் கதவில் மூன்றாவது. போகும்போது யாரும் தொடாத பையைத் திரும்பி வரும்போது நிறுப்பார்கள். நான் கண்டவரை காரணம் இதுதான்: எழுதியிருப்பது கிலோ, தட்டுப்பாடு இடத்துக்கு. இருக்கைக்கு மேலுள்ள தட்டு நிரம்பிவிடும் என்று தெரிந்த நாளில்தான் தராசு வெளியே வருகிறது. நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் மார்கழி விடுமுறையிலும் விமானங்கள் நிறைந்து போகும். அப்போது கண்கள் கூர்மையாகின்றன. நிறைந்த விமானத்தில் அவர்கள் தேடுவது பாரமான பையை அல்ல, பெரிதாகத் தெரியும் பையை.

சில்லுப் பெட்டி தோற்பது இந்த இடத்தில்தான். வவுனியாக் கடையில், "இருபது அங்குலம், தாராளமாக உள்ளே கொண்டுபோகலாம்" என்று சத்தியம் செய்து விற்பார்கள். அந்த இருபது அங்குலம் பெட்டியின் உடம்புக்கு மட்டும். விமான நிறுவனம் சில்லையும் கைப்பிடியையும் சேர்த்து அளக்கிறது. சேர்த்தால் 55 சென்டிமீற்றரைத் தொட்டு நிற்கும். அதைவிடக் கொடுமை வெறும் பெட்டியின் நிறை. என்னுடையதை நிறுத்தேன்: 2.9 கிலோ. ஏழில் மீதி நான்கு சொச்சம். அக்காவுக்கு ஒரு சேலை, அத்தானுக்கு ஒரு சாரம், பிள்ளைகளுக்குப் பனங்கட்டி, அவ்வளவோடு கணக்கு முடிந்துவிடும்.

கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாவை மறக்க முடியவில்லை. முல்லைத்தீவில் இருந்து இரவு பஸ்ஸில் வந்தவர், மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறார். புத்தம்புதிய சிவப்புப் பெட்டி; தராசில் 9.4 காட்டியது. வரிசைக்கு நடுவே நிலத்தில் அமர்ந்து பெட்டியைத் திறந்தார். மேலே புழுக்கொடியல் பொட்டலங்கள், அதற்குக் கீழே மூன்று பொலித்தீன் பைகளில் சுற்றிய ஹோர்லிக்ஸ் போத்தல். உள்ளே வறுத்து இடித்த மிளகாய்த்தூள். கம்பளிச் சட்டையை எடுத்து அந்த வெக்கையில் போட்டுக்கொண்டார். அதன் இரண்டு பைகளிலும் புழுக்கொடியல் போனது. போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு வழியனுப்ப வந்த மருமகனைத் தேடி வெளியே ஓடினார். என் தோளில் தொங்கிய பை அன்று எட்டரைக் கிலோ. அதை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து, "உங்கள் பையை நிறுக்கவில்லையா, தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

அவரை விட நான் நேர்மையானவன் அல்ல. என் பைக்குச் சில்லு இல்லை, அவ்வளவுதான். வெறும் பை ஒரு கிலோவுக்கும் குறைவு, ஆகவே விதிக்கு உட்பட்டே ஆறு கிலோ அடுக்கலாம். பையின் அளவு பார்க்கும் கம்பிக் கூட்டில் நுழைத்துப் பார்க்கச் சொன்னால் துணி அமுங்கிக் கொடுக்கும். சிவப்பாகப் பளபளக்காது. குறைகள் இல்லாமல் இல்லை: மடித்த கூறைச்சேலை கசங்கிவிடும், முரல் கருவாடு எத்தனை சுற்றுச் சுற்றினாலும் துணி வழியே பேசும். முழங்கால் வலி உள்ளவரிடம் டோஹாவில் தோள்பையோடு நடந்து விமானம் மாறச் சொல்வது பாவம். அப்பாவுக்கு நான் சில்லுப் பெட்டிதான் கொடுத்தேன், ஆறு கிலோவோடு நிறுத்திக்கொண்டு.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் வழியாகப் போகிறவருக்கு இந்த விவாதமே சுருங்கிவிடுகிறது. 2019 ஒக்ரோபரில் சர்வதேச நிலையமான பிறகு, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய வழி அது. இண்டிகோ 2024 செப்டெம்பரில் சென்னையில் இருந்தும் 2025 மார்ச்சில் திருச்சியில் இருந்தும் வரத் தொடங்கியது. பறப்பது ஏ.டி.ஆர். என்ற சிறிய விசிறி விமானம். அதன் மேல்தட்டு ஒடுக்கம். சில்லுப் பெட்டியை ஏணியடியில் வாங்கி விமானத்தின் வயிற்றுக்குள் போட்டுவிட்டால், அதைக் கைப்பொதியாகக் கொண்டுவந்ததன் பயனே போயிற்று. கிளிநொச்சியில் இருந்து ஒன்றரை மணி நேரத்தில் பலாலி. கட்டுநாயக்கவுக்கு ஓர் இரவு. ஆனால் கூட்டம் குறைந்த நிலையத்தில் ஒவ்வொரு பையையும் நிறுக்க அவர்களுக்கு நேரம் இருக்கும். கொழும்புப் பக்கம் இரவு முழுக்கப் போகாததால் மிச்சமாகும் தூக்கத்துக்கு அது சின்ன விலை.

எந்தப் பையானாலும் மாறாத சில உண்டு. காட்டுத்தேன், நெய், ஊறுகாய் எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கு. பெரும்பாலான நிலையங்களில் 100 மில்லிலீற்றருக்கு மேல் கையில் விடமாட்டார்கள். இந்திய நிலையங்களில் மிளகாய்த்தூளையும் கைப்பொதியில் விடுவதில்லை. ஏற்றும் பொதிக்குள் வையுங்கள். நெய்யை லண்டனுக்கு எதிலும் வைக்க வேண்டாம், அங்கே பாற்பொருளுக்கு அனுமதி இல்லை. தேன் இரண்டு கிலோ வரை போகலாம். பவர் பேங்க் நேர் எதிர்: அது கையில்தான் இருக்க வேண்டும். வாசலில் பையைப் பறித்து வயிற்றுக்குள் அனுப்பும்போது அதை வெளியே எடுக்க மறந்துவிடாதீர்கள். அப்பாவின் மருந்தும் அப்படி ஒருமுறை பையோடு போகப் பார்த்தது. அன்றிலிருந்து கடவுச்சீட்டு, மருந்து, நகை, பவர் பேங்க் நான்கையும் தோள்பைக்குள் ஒரு சின்னத் துணிப்பையில் தனியே வைத்திருக்கிறேன். பையைக் கேட்டால் அதை உருவிக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடலாம்.

மூன்றாவது வழி, வெறுங்கை. நிம்மதி என்றால் இதுதான். கூடுதல் கிலோ தேவைப்பட்டால் முன்கூட்டியே இணையத்தில் வாங்குவது கவுண்டரில் மன்றாடுவதை விட மலிவு. பயம் ஒன்றே: பெட்டி வராவிட்டால்? சர்வதேச விமானப் பயணத்துக்கான மொன்ரியல் உடன்படிக்கையின்படி, சேதமானால் ஏழு நாட்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் கிடைத்ததில் இருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். உரிமை இருக்கிறது, ஆனால் பனியில் மாற்றுச்சட்டை இல்லாமல் நிற்பவருக்கு அது போர்வை ஆகாது. ஒரு சோடி உடுப்பு கையில் இருக்கட்டும்.

எனக்குத் தோள்பை. அப்பாவுக்குச் சில்லு. அம்மா போனால் வெறுங்கை. அவர் கட்டும் பொட்டலங்களுக்கு ஏழு கிலோ என்ற எண்ணே அவமானம்.

அம்மாவின் கையை நம்பி ஒருமுறை ஏமாந்த பிறகு கொழும்பில் ஒரு தொங்கு தராசு வாங்கினேன், உள்ளங்கை அளவு, ஐம்பது கிலோ வரை காட்டும். பக்கத்து வீட்டுக்காரர் கனடா போக இரவல் வாங்கினார். அவரிடமிருந்து பரந்தனுக்குப் போனது. கடைசியாக விசாரித்தபோது பச்சிலைப்பள்ளியில் ஒரு கல்யாண வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த மாதம் நான் சென்னைக்குப் போகிறேன். அம்மா இப்போதே என் பையைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.