புது பாடியா, 2.8 லென்ஸா: ராத்திரி கபடிக்கு நான் வாங்கியது

“சார், என் கை எங்க சார்?”

போன வருஷம் வேலூரை அடுத்த ஊசூர் பக்கம் நடந்த ராத்திரி கபடி. எங்கள் பள்ளியில் படித்துவிட்டுப் போன பையன் ஒருவன் ரெய்டு போய், மூன்று பேரை உதறிவிட்டுப் பாய்ந்து நடுக்கோட்டைத் தொட்டான். அந்த நொடியை எடுத்திருந்தேன். முகம் இருக்கிறது, ஜெர்சி நம்பர் இருக்கிறது. கோட்டைத் தொட்ட கை இருக்க வேண்டிய இடத்தில் வெளிர் நிறத்தில் ஒரு தீற்றல். நான் ஓவிய ஆசிரியர், தீற்றலுக்கும் ஏதாவது நியாயம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் அதை ஸ்டேட்டஸ் வைக்க ஒரு மணி நேரமாகக் காத்திருந்தவன்.

அப்போது என்னிடம் இருந்தது கேனான் 80டி. 2016இல் வந்த மாடல். கூடவே 55-250 எஸ்.டி.எம். லென்ஸ். பகலில் இந்த ஜோடியைக் குறை சொல்ல மாட்டேன். லென்ஸ் வெறும் 375 கிராம், துண்டில் சுற்றி சாப்பாட்டுப் பைக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். பொழுது சாய்ந்தால்தான் வண்டவாளம் தெரியும். ஜூமை முழுக்க இழுத்தால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, 5.6தான் (எண் சிறிதானால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம்). நாலு கம்பத்தில் கட்டிய எல்.இ.டி. போகஸ் லைட்டில் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 6400 வைத்தும் ஷட்டர் வேகம் 1/250 வினாடிக்கு மேல் ஏறவில்லை. வீசுகிற கை வினாடிக்கு 6 மீட்டர் போகிறது என்று வையுங்கள். 1/250 வினாடிக்குள் அது ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். விரல் எங்கே தெரியப்போகிறது?

என் மனைவியின் தம்பி கல்யாண வீடியோ எடுப்பவன். “மாமா, பாடியை மாத்துங்க, எல்லாம் சரியாயிடும்” என்றான். பாடி என்றால் லென்ஸ் நீங்கலான கேமரா. அவன் சொன்னது கேனான் ஆர்7. என்னிடம் இருந்தது சீட்டு எடுத்த பணம். அந்தப் பாடியை வாங்கினால் அது மொத்தமும் காலி, லென்ஸ் அதே 5.6தான். இன்னொரு வழி, 80டியை வைத்துக்கொண்டு, அப்பர்ச்சர் 2.8 வரை திறக்கிற பழைய 70-200 ஜூம் லென்ஸ் வாங்குவது. ஆறு மாதம் இரண்டுக்கும் நடுவில் ஊசலாடிவிட்டு, பொங்கல் லீவுக்கு இரண்டையும் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிடலாம் என்று காட்பாடியில் காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை போனேன். மூன்று நாள் வாடகை வலிக்கத்தான் செய்தது. ஆனால் இந்த விஷயத்தில் நான் செலவழித்த புத்திசாலித்தனமான பணம் அதுதான்.

முதல் நாள் ராத்திரி அதே மாதிரி ஒரு கபடி மைதானம். முதல் பாதி 20 நிமிடம் ஆர்7இல், பழைய லென்ஸைப் பொருத்தும் அடாப்டர் போட்டு, என் 55-250. இரண்டாவது பாதி 80டியில் 70-200.

ஆர்7 கையில் வந்ததும் மயங்கிவிட்டேன், மறைக்கவில்லை. ரெய்டரின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஒட்டிக்கொள்கிறது. மெக்கானிக்கல் ஷட்டரிலேயே வினாடிக்கு 15 படம். என் 80டி 7தான் தரும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் வினாடிக்கு 15 மங்கல் படம். போகஸ் சரியாக இருக்கிறது, கைதான் இல்லை. வெளிச்சம் அதேதான், லென்ஸ் அதேதான், ஷட்டர் எப்படி ஏறும்? 6400இல் படத்தில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சல் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. சரி, 12800 வைப்போம் என்றால் ஜெர்சி எழுத்து கரைய ஆரம்பித்துவிட்டது. சென்சாரே அசைந்து நடுக்கத்தைத் தாங்கும் வசதியும் இதில் உண்டு. அது என் கை நடுக்கத்துக்கு மருந்து, ரெய்டரின் ஓட்டத்துக்கு அல்ல. எலக்ட்ரானிக் ஷட்டரில் 30 படம் வரும் என்று ஆசைப்பட்டு அதையும் போட்டேன். சென்சாரை வரி வரியாகப் படிப்பதால் ஓடுகிற கால் சாய்ந்து விழுந்தது, லைட்டும் படத்தில் பட்டை பட்டையாக வந்தது.

இரண்டாவது பாதியில் நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. 5.6இலிருந்து 2.8 என்றால் இரண்டு ஸ்டாப்; ஒரு ஸ்டாப்புக்கு வெளிச்சம் இரண்டு மடங்கு, ஆக நாலு மடங்கு. அதே 6400இல் ஷட்டர் 1/1000 போனது. முழங்காலைப் பிடித்த விரல்கள், நகத்தில் ஏறிய செம்மண், தெறிக்கும் வியர்வை எல்லாம் நின்றன. எதிர்பாராத லாபம் போகஸில் கிடைத்தது. நாம் எந்த அப்பர்ச்சர் வைத்தாலும் போகஸ் பார்க்கும்போது இந்த கேமராவில் லென்ஸ் முழுக்கத் திறந்துதான் இருக்கும். 80டியின் நடு போகஸ் புள்ளி 2.8 லென்ஸ் கிடைத்தால் இன்னும் துல்லியமாக வேலை செய்கிற மாதிரி அமைத்தது. பத்து வருஷப் பாடி திடீரென்று இளமையானது போல இருந்தது.

ஒரு புதுத் தொல்லையும் வந்தது. அடுத்தடுத்த படங்களில் ஒன்று வெளிச்சம், ஒன்று மங்கல், ஒன்று மஞ்சள். நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான லைட்டெல்லாம் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் மெதுவாக இருந்தவரை அவ்வளவாகத் தெரியவில்லை, 1/1000 வைத்ததும் குட்டு உடைந்தது. 80டியின் மெனுவில் ஆன்டி ஃப்ளிக்கர் என்று ஒன்று இத்தனை வருஷமாகச் சும்மா கிடந்தது. அதைப் போட்டதும் லைட் உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்து ஷட்டர் விழுகிறது. தொடர்ந்து படம் எடுக்கும் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. இந்த வசதி இல்லாத பாடி வைத்திருந்தால் நானே பாடியை மாற்று என்றுதான் சொல்வேன்.

மறுநாள் பகலில் கணக்கு தலைகீழானது. கீ.வ.குப்பம் பக்கம் ஒரு கிராமத்தில் காளை விடும் விழா. நம் வடாற்காட்டு வழக்கம் தெரியாதவர்களுக்கு: இங்கே மாட்டை அணைவது கிடையாது. தெருவின் இரு பக்கமும் தடுப்பு கட்டி, ஒரு முனையில் காளையை அவிழ்த்து விடுவார்கள். எல்லைக்கோட்டைக் குறைந்த நேரத்தில் கடக்கிற காளைக்குப் பரிசு. தை மாத வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400, அப்பர்ச்சர் 5.6 வைத்தாலே 1/2000 தாராளமாகக் கிடைக்கிறது. 2.8 லென்ஸுக்கு அங்கே வேலையே இல்லை. தேவைப்பட்டது வேகமும் விடாப்பிடியான போகஸும்தான். வினாடிக்கு 10 மீட்டர் ஓடுகிற காளை, 7 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒன்றரை மீட்டர் தாண்டிவிடும். நாலு காலும் தரையில் படாத அந்த நொடி எனக்கு 80டியில் ஒருமுறைகூட மாட்டவில்லை. ஆர்7இல் ஒரே காலையில் ஐந்து. ஒரு குறை: ஆளைத் தேடும் முறையில் வைத்திருந்தால், தொட்டுப் பார்க்கக் குறுக்கே வரும் இளவட்டங்களின் முகத்துக்குத் தாவிவிடுகிறது. விலங்கு என்று மாற்றினேன். அது நாய், பூனை, பறவைக்காகச் செய்தது. காளையைச் சில நேரம் பிடித்தது, சில நேரம் கைவிட்டது. கொம்பில் கட்டிய பலூன்தான் குழப்பியிருக்க வேண்டும்.

நான் வருஷத்தில் காளை எடுப்பது மூன்று நாள். கபடியும் பளுதூக்கும் கூடமும் வருஷம் பூராவும். லென்ஸ் என்று முடிவு செய்தேன்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் பார்த்தது வெளியே பளபளவென்று இருந்தது. விற்றவர் “புதுசு மாதிரி” என்று சத்தியம் செய்தார். செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் வைத்து முன்னால் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை. வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். இரண்டாவது, 70-200 எஃப் 2.8 எல் ஐ.எஸ். இரண்டாம் பதிப்பு, 74 ஆயிரத்துக்கு முடிந்தது. 2010இல் வந்த டிசைன், இன்றும் முழுக்கத் திறந்தே எடுக்கலாம், கூர்மை குறைவதில்லை. ஆனால் எடை 1490 கிராம். பாடியோடு இரண்டேகால் கிலோ. மோனோபாட் என்ற ஒற்றைக்கால் ஸ்டாண்டு இல்லாமல் இரண்டு மேட்ச் எடுத்தால் மறுநாள் கரும்பலகையில் கை தூக்க முடியாது. வெள்ளை நிறம் வேறு. டிவிக்காரர் என்று நினைத்து நாற்காலி போட்டு சோடா உடைத்துக் கொடுத்தார்கள். நான் மறுக்கவில்லை.

மிச்சப் பணத்தில் 17 ஆயிரத்துக்கு ஒரு பழைய 85 எஃப் 1.8 வாங்கினேன், ஜூம் இல்லாத லென்ஸ். சும்மா கூடவே வாங்கியதுதான். இப்போது கேமராவில் பாதி நாள் மாட்டியிருப்பது இதுதான். கபடி ஆடுகளம் ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர். மூலையில் உட்கார்ந்து கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் எட்டு மீட்டரில் இருக்கும் ரெய்டர் தலை முதல் கால் வரை நிறைகிறார். 5.6ஐவிடப் பத்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவான வெளிச்சம். ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு இறக்கியும் 1/1000 வருகிறது. கூர்மையாக விழும் ஆழம் அரை மீட்டர் சொச்சம்தான் என்பதால், ரெய்டர் தெளிவாக இருந்தால் பின்னால் பிடிக்க வருபவர் கரைந்துவிடுவார். பத்துக்கு நாலு படம் போகஸ் தவறும்.

சத்துவாச்சாரியில் பளுதூக்கும் கூடத்துக்கும் இதையே எடுத்துப் போகிறேன். சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் காமன்வெல்த் தங்கம் வாங்கியது இந்த ஊரிலிருந்து போய்த்தான். அதைச் சொல்லித்தான் எங்கள் மாணவி ஒருத்தியை அங்கே பயிற்சிக்கு அனுப்ப அவள் அப்பாவையே சம்மதிக்க வைத்தோம். உள்ளே டியூப் லைட் வெளிச்சம்தான், ஃப்ளாஷ் போட்டால் பயிற்சியாளர் முறைப்பார். தலைக்கு மேல் கம்பி நிற்கிற அந்த ஒரு விநாடிக்கு 15 படமும் வேண்டாம், கண் போகஸும் வேண்டாம். எஃப் 2 போதும். பளபளக்கும் கம்பியின் ஓரத்தில் ஊதா கசிகிறது, அதைக் கம்ப்யூட்டரில் துடைத்துக்கொள்கிறேன்.

பட்ஜெட் இருபதாயிரம்தான் என்று கேட்பவர்களிடம் 85ஐ முதலில் வாங்குங்கள் என்கிறேன். நான் வரிசை மாற்றி வாங்கிவிட்டேன். நாளைக்கு ஆர்7 வாங்கினாலும் இரண்டு லென்ஸும் அடாப்டரில் உட்காரும். அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது, வெளிச்சம் குறையாது.

கை தொலைத்த பையனை அவனுடைய அடுத்த மேட்சில் 85இல் எடுத்துக் கொடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “சார், இதுல நான் கோட்டைத் தொடவே இல்ல போல இருக்கே” என்றான். ஒரு விரற்கடை இடைவெளி தெளிவாகத் தெரிந்தது. நடுவர் பாயின்ட் கொடுத்திருந்தார். அந்தப் படம் ஸ்டேட்டஸில் வரவில்லை.