ஆர்டர் புக்கிலிருந்து ஆப்புக்கு: தினசரி போன் விசாரிப்பா, கூடவே லைனுக்குப் போவதா?

மளிகைக் கடைகளுக்குச் சரக்கு போடும் விநியோகஸ்தர், கடை கடையாக ஆர்டர் எடுக்கும் எட்டு ரெப்கள். காகித ஆர்டர் புக் போய் மொபைல் ஆப் வருகிறது. மேனேஜர் தினம் போனில் துரத்துவதா, லைனுக்குப் போய், அதாவது ரெப்போடு கடை கடையாக ஏறிப் பார்ப்பதா?

நேரம்
போன்: ஆளுக்கு இரண்டு போன் கால், ஏழு நிமிடம் வீதம், நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.
லைன்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆளுக்கு அரை நாள், வாரத்தில் நான்கு அரை நாள் போய்விடும். இதுதான் அதிகம், மறைக்க வேண்டாம்.

தகவலின் உண்மை
போன்: "எல்லாம் போட்டாச்சு சார்" என்றுதான் பதில் வரும். கேள்வி எண்ணிக்கையைப் பற்றியதாக இருந்தால் எண்ணிக்கைதான் வரும். ஆப்பில் ஆர்டர் பதிவான நேரத்தைப் பாருங்கள்: முப்பது கடை ஆர்டரும் மாலை ஐந்தரை முதல் ஆறுக்குள் ஏறியிருந்தால், பகலில் துண்டுச் சீட்டில் எழுதி டீக்கடையில் உட்கார்ந்து ஏற்றியிருக்கிறார்கள்.
லைன்: காரணம் கண்ணில் படும். மார்க்கெட்டுக்குள் சிக்னல் இல்லை. ஆப்பில் ஸ்டாக் பழசு. ஸ்கீம் (சலுகை) விவரம் நாலு திரை தாண்டி இருக்கிறது, அதற்குள் கடைக்காரர் அடுத்த கஸ்டமரிடம் திரும்பிவிடுகிறார். ரெப் தடுமாறினாலும் போனை வாங்கி நீங்களே ஆர்டர் போடாதீர்கள். வெளியே வந்தபின் ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள்.

பழைய ஆட்கள்
போன்: சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்வார்கள்.
லைன்: முதல் முறை அப்படித்தான். எந்த நாள் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொன்னால் இறுக்கம் குறையும்.

ஆப் தொடங்கும் முதல் வாரத்துக்கு, லாகின் கோளாறு தீர்க்க, போன் போதும். அதன்பின் லைன். ரெப்கள் பல மாவட்டங்களில் சிதறியிருந்தால், பதிவு நேரம் மாலையில் குவியும் இரண்டு பேரோடு மட்டும் போங்கள். மற்றவர்களுக்கு வாரம் ஒரு கால்.